எக்ஸ்பி சொல்லிக்கொடுத்த பாடம்



விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து எனக்கு வரும் வாட்ஸ்அப் கேள்விகளில் பாதி ஒன்றேதான்: "சார், வீட்ல இருக்கிற கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டுடணுமா?" விண்டோஸ் 11 போடலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், புதிய பிராசசர் வேண்டும் என்கிறது. கடையில் கேட்டால் புதிது வாங்கச் சொல்கிறார்கள். நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்பது நம் வீடுகளில் சின்னத் தொகையா?

நான் கணினி படித்தவன் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, சாக்பீஸோடு காலம் கழித்தவன். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. வரலாறு என்றால் என்னால் சும்மா இருக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், ஆதரவு முடிந்தது என்றால் என்ன? தயிர் புளிப்பதுபோல மென்பொருள் தானாகக் கெட்டுப்போவதில்லை. நேற்று ஓடிய கணினி இன்றும் ஓடும். ஆனால் இயங்குதளம் என்பது கோடிக்கணக்கான வரிகளில் எழுதப்பட்டது. அதில் ஓட்டைகள் இருந்துகொண்டேதான் இருக்கும். கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க, 2003 அக்டோபர் முதல் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை திருத்தங்களை வெளியிடுவது மைக்ரோசாப்டின் வழக்கம். ஆதரவு முடிந்தால் அந்தத் திருத்தங்கள் நின்றுவிடும். இன்னொரு சங்கடமும் உண்டு. புதிய பதிப்புக்குத் திருத்தம் வரும்போது, எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்பது திருடனுக்கும் தெரிந்துவிடுகிறது. அதே ஓட்டை பழைய பதிப்பிலும் பெரும்பாலும் இருக்கும். அங்கே அடைக்க ஆள் இல்லை. ஆக, நாள் போகப்போக ஆபத்து கூடும்.

இதை உலகம் பெரிய அளவில் உணர்ந்தது விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில்தான். 2001 அக்டோபர் 25-இல் வந்த எக்ஸ்பி 2014 ஏப்ரல் 8 வரை, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல், ஆதரவோடு இருந்தது. நம்மில் பலர் முதன்முதலில் மவுஸைப் பிடித்தது அதில்தான். பச்சைப் புல்வெளியும் நீல வானமும் உள்ள அந்தத் திரைப்படம் நினைவிருக்கிறதா?

தமிழுக்கும் எக்ஸ்பிக்கும் ஒரு சிக்கலான உறவு இருந்தது. யூனிகோடு தமிழ் அதில் தெரியவேண்டும் என்றால், கூட்டெழுத்து மொழிகளுக்கான வசதியை நாமே தேடிப்பிடித்து இயக்கவேண்டும். இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் அலுவலகங்களிலும் டிடிபி கடைகளிலும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களிலேயே கடிதங்களும் வினாத்தாள்களும் குவிந்தன. 1999-இல் தமிழ்99 விசைப்பலகையை அரசு ஏற்றது. 2010-இல் யூனிகோடை அரசின் தரமாக அறிவித்தார்கள். ஆனாலும் ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்த கோப்புகள் பழைய எழுத்துருக்களிலேயே இருந்தன. பழைய கணினியை விட முடியாமல் போனதற்குச் சோம்பல் மட்டும் காரணம் இல்லை. நம் எழுத்தே அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

ஆதரவு இருந்த காலத்திலும் எக்ஸ்பி பட்ட பாடு கொஞ்சமல்ல. 2008 நவம்பரில் கான்ஃபிக்கர் என்ற புழு கிளம்பியது. அது நுழைந்த ஓட்டைக்கு அந்த அக்டோபரிலேயே திருத்தம் வந்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள். பென்டிரைவைச் செருகியதும் அதிலுள்ள நிரல் தானாக ஓடும் 'ஆட்டோரன்' வசதி வழியாகவும் அது பரவியது. பிரவுசிங் சென்டரில் செருகிய பென்டிரைவை வீட்டில் செருகி வைரஸை அழைத்துவந்த கதை உங்கள் எல்லோரிடமும் இருக்கும். 2011 பிப்ரவரியில்தான் ஒரு திருத்தத்தின் வழியாக, பழைய கணினிகளில் பென்டிரைவுக்கான ஆட்டோரன் நிறுத்தப்பட்டது.

2014 நெருங்கியபோது அரசுகள் என்ன செய்தன? பிரிட்டன் அரசு மைக்ரோசாப்டுக்கு 55 லட்சம் பவுண்டு கட்டி, இன்னும் ஓராண்டுக்குத் திருத்தங்களை விலைக்கு வாங்கியது. தமிழ்நாடு வேறு வழியைப் பார்த்தது. எக்ஸ்பி ஆதரவு முடிவதைச் சுட்டிக்காட்டி, 'பாஸ்' லினக்ஸுக்கு மாறும்படி மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறை மற்றத் துறைகளுக்கு அறிவுறுத்தியது. பாஸ் என்பது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி, 2007-இல் வெளியிட்டது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் இயங்கும், விலை கிடையாது.

நம் மாநிலத்துக்கு லினக்ஸ் அப்போது புதிதும் அல்ல. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மேலாண்மை இயக்குநராக இருந்தபோது எல்காட் நிறுவனம் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக்காட்டியது. 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அப்படி வந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸும் பாஸும் சேர்ந்தே இருந்தன.

பிள்ளைகளே, உங்களில் எத்தனை பேர் அந்த பாஸைத் திறந்து பார்த்தீர்கள்? நான் பார்த்தவரை, வாங்கிய மாதமே கடைக்குக் கொண்டுபோய் 'ஃபார்மட்' செய்து, உரிமம் இல்லாத விண்டோஸைப் போட்டுக்கொண்டவர்கள்தான் அதிகம். உங்களைக் குறை சொல்லவில்லை. பாஸ் என்று ஒன்று ஏன் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. ஆனால் அதில் ஒரு தீங்கு ஒளிந்திருந்தது. திருட்டுப் பிரதி என்று தெரிந்துவிடக்கூடாது என்று கடையிலேயே 'அப்டேட்' வசதியை அணைத்துத் தந்தார்கள். அதாவது, ஆதரவு இருக்கும்போதே ஆதரவு இல்லாத கணினியாக அது மாறிவிட்டது.

அதன் விலை என்ன என்பதை 2017 மே 12 காட்டியது. வான்னாகிரை என்ற பணயத்தீநிரல் அன்று உலகத்தைச் சுற்றி வந்தது. கணினியிலுள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, 300 டாலரை பிட்காயினாகக் கட்டினால்தான் திறப்பேன் என்றது. பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. ஆந்திராவில் காவல்துறைக் கணினிகளும் கேரளத்தில் சில ஊராட்சி அலுவலகக் கணினிகளும் மாட்டின. நிலைமையைப் பார்த்து, மூன்றாண்டுகளுக்கு முன்பே கைவிட்ட எக்ஸ்பிக்கும் மைக்ரோசாப்ட் ஒரு திருத்தம் வெளியிட்டது.

இதில் ஒரு விஷயத்தை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். வான்னாகிரை புகுந்தது, கணினிகளுக்கிடையே கோப்பு பகிரும் பழைய வசதியில் இருந்த ஓர் ஓட்டை வழியாக. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை எக்ஸ்பி அல்ல, விண்டோஸ் 7. அப்போது அதற்கு ஆதரவு இருந்தது. அந்த ஓட்டைக்கான திருத்தமும் 2017 மார்ச் 14-லேயே வந்துவிட்டது. இரண்டு மாதமாகப் போடாமல் இருந்தவர்கள்தான் கோப்புகளை இழந்தார்கள். கணினியின் வயதைவிட, வைத்திருப்பவரின் கவனம்தான் பெரிது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

அப்படியானால் மாற்றவே முடியாத பழைய கணினியை என்ன செய்வது? இதற்கு விடை நம் ரிசர்வ் வங்கியின் 2018 ஜூன் 21 சுற்றறிக்கையில் இருக்கிறது. அப்போதும் நம் நாட்டு ஏடிஎம்களில் பல எக்ஸ்பியில் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆகவே 2018 செப்டம்பருக்குள் கால்பங்கு, டிசம்பருக்குள் பாதி, 2019 மார்ச்சுக்குள் முக்கால்பங்கு, ஜூனுக்குள் முழுவதும் என்று தவணை வைத்தார்கள். அதுவரை சும்மா இருக்கவும் விடவில்லை. பயோஸுக்குப் பாஸ்வேர்டு போடு, யூஎஸ்பி துளைகளை முடக்கு, ஆட்டோரனை நிறுத்து என்றார்கள். அனுமதித்த மென்பொருளைத் தவிர வேறெதுவும் ஓடாதபடி செய்யவும் தனிக் கெடு வைத்தார்கள். சுருக்கமாக, காவலாளி இல்லாத வீட்டில் கதவுகளைக் குறை.

நம் ஊரில் இதை நான் நேரில் பார்த்தேன். என்னிடம் படித்த ஒருவர் இங்கே பொம்மைப் பட்டறை நடத்துகிறார். அவரிடம் ஓர் எக்ஸ்பி கணினி. எந்த ஊர் வியாபாரிக்கு எந்த அச்சில் எத்தனை கொலு பொம்மை, யார் எவ்வளவு பாக்கி என்ற பல ஆண்டுக் கணக்கும் அதில்தான். அந்தக் கணக்கு மென்பொருள் புதிய விண்டோஸில் ஓடாது. எழுதிக்கொடுத்தவர் இப்போது இல்லை. நவராத்திரிக்கு முன் அந்தக் கணக்குப் பூட்டிக்கொண்டால் அந்த வருடத்து வரும்படியே போயிற்று. அதை நம்பிப் பத்துக் குடும்பம் இருக்கிறது.

வேலையைச் செய்தது கல்லூரியில் படிக்கும் அவர் மகள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, வருகைப்பதிவேடு எடுப்பதுபோல ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். முதலில் வன்தட்டு முழுவதையும் இரண்டு வெளி டிஸ்க்குகளில் நகலெடுத்தாள். ஒன்று பட்டறையில், இன்னொன்று வீட்டில். பிறகு இணைய வயரைக் கழற்றினாள். ஜிஎஸ்டி, வங்கி, மின்னஞ்சல் எல்லாம் வேறு கணினிக்குப் போயின. ஆட்டோரனை நிறுத்தினாள், பயோஸுக்குப் பாஸ்வேர்டு போட்டாள். தினசரி வேலைக்கு, புதிய மென்பொருள் நிறுவ முடியாத சாதாரணக் கணக்கு ஒன்றைத் திறந்தாள். தேவையில்லாத மென்பொருள்களை நீக்கினாள். பென்டிரைவ் ஒன்றே ஒன்றுதான். அதையும் புதிய கணினியில் சோதித்த பிறகே இதில் செருகவேண்டும். கடைசியாக, வாடிக்கையாளர் பட்டியலை யூனிகோடுக்கு மாற்றி அச்சடித்து வைத்தாள். செலவு இரண்டு டிஸ்க்குகளுக்கு மட்டும்தான்.

ஒரு படி மேலே போகவும் வழி உண்டு. அந்தப் பழைய எக்ஸ்பியை, புதிய கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியாக ஓடவைக்கலாம். பழைய இயந்திரத்தின் வன்தட்டு ஒருநாள் நின்றாலும் கணக்கு நிற்காது. அடுத்த விடுமுறையில் அதைச் செய்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

பீங்கான் ஊர்க்காரர்களான நமக்கு ஃபியூஸைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அடிக்கடி போகிறதே என்று தடித்த கம்பியைச் சுற்றிவிடுபவர் உண்டு. விளக்கு எரியும். ஒருநாள் வீடே எரியும். தொந்தரவு என்று அப்டேட்டை அணைப்பதும் ஃபயர்வாலை நிறுத்துவதும் அதே வேலைதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் உடனே தூக்கிப் போடவேண்டாம். வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்கள் தரும் திட்டம் இருக்கிறது. அமைப்புகளில் அப்டேட் பக்கத்துக்குப் போய்ப் பதிவுசெய்துகொள்ளுங்கள். அது அவகாசம்தான், தீர்வு அல்ல. அதற்குள் முடிவெடுங்கள்.

பரணில் தூங்கும் விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸ் 7 இருந்தால், அதை வைத்து இணையத்தில் வங்கி வேலை செய்யாதீர்கள். அதன் ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. குரோம் உலாவியும் 2023-இல் அதைக் கைவிட்டது. ஆனால் அதே மடிக்கணினியில் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டால், பிள்ளைகள் தட்டச்சு பழகவும் பாடம் பார்க்கவும் இன்னும் சில ஆண்டு உழைக்கும். ஆனால் லினக்ஸ் என்றாலே பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கும் திருத்தங்கள் போடவேண்டும், அதற்கும் ஆயுள் உண்டு. 2011-இல் வந்த பாஸ் அப்படியே இருந்தால் அதுவும் பழையதுதான். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ, பழைய 32-பிட் கணினிகளில் புதிதாக நிறுவ முடியாது. உங்களுடையது எது என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

எதைச் செய்தாலும் முதல் வேலை நகலெடுப்பது. கல்யாணப் படங்கள், சான்றிதழ்கள், அப்பா எழுதிவைத்த கணக்குகள் எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் வையுங்கள். பழைய எழுத்துருவில் இருப்பவற்றை யூனிகோடுக்கு மாற்றுங்கள். கணினியைப் பணம் கொடுத்து மறுபடி வாங்கலாம். அதற்குள் இருக்கும் நம் எழுத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

விருத்தாசலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இருப்பவர்களில் லினக்ஸ் போடத் தெரிந்தவர்கள் கீழே கருத்தில் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடி, பரணில் இருக்கும் மடிக்கணினிகளை இறக்கிப் பார்ப்போம். தேநீர் என் செலவு.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்
விருத்தாசலம்