திருகோணமலைக் கடலின் தச்சர்கள்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை நோக்கிச் செல்லும் கரையோர வீதியில், நிலாவெளியைக் கடந்ததும் வருவது இறக்கக்கண்டி. ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், இரண்டும் சேரும் முகத்துவாரம், அதன் மேல் பாலம். பல ஆண்டுகளுக்கு முன்னர், அவ்வூரின் வயோதிபக் கடற்றொழிலாளி ஒருவரோடு கரையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தேன். "தம்பி, ராவையில வெளிக்கடலில வலையை விட்டிட்டுத் தோணியில படுத்திருந்தா, அடிப்பலகைக்குக் கீழால ஆரோ சுத்தியலால தட்டுற மாதிரிக் கேக்கும்" என்றார் அவர். கடலோடிகள் வழக்கமாகச் சொல்லும் கதைகளுள் ஒன்று என்றெண்ணி நான் அதைக் குறித்துக்கொள்ளவுமில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்களின் மாலுமிகளும் மரக்கலத்தின் அடியில் இதே ஓசையைக் கேட்டிருக்கிறார்கள் என்பதும், அதை எழுப்பும் உயிரினத்துக்குத் 'தச்சன் மீன்' என்று பெயரிட்டிருந்தார்கள் என்பதும் மிகவும் பிற்பட்டே எனக்குத் தெரியவந்தன. அது மீனன்று, குட்டியீன்று பாலூட்டும் விலங்கு. ஆங்கிலத்தில் 'ஸ்பேர்ம் வேல்' எனப்படும், குடலில் அம்பர் விளையும் பெருந்தலைத் திமிங்கிலம்.

இவ்விலங்கு கரையை இவ்வளவு அண்டி வருவதற்குக் காரணம் திருகோணமலையின் கடலடி அமைப்பு. துறைமுக வாயிலிலிருந்தே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கொன்று தொடங்குகிறது. கோணேசர் கோயில் அமைந்துள்ள பாறை முனையில் நின்றே திமிங்கிலத்தின் நீர்ச்சீறலைக் காணும் பேறு இந்தத் தீவில் வேறெங்கும் எளிதில் வாய்ப்பதில்லை. வேட்டைக்காரரும் இதை அறிந்திருந்தனர். அமெரிக்கக் கப்பல்கள் இலங்கைக் கடலில் பெருந்தலைத் திமிங்கிலங்களை வேட்டையாடின. 1960களில் சோவியத் கப்பல்கள் வட இந்து சமுத்திரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்று, அந்தக் கணக்கை மறைத்தன. அந்நாட்டு விஞ்ஞானிகளே 1990களில் உண்மையை வெளியிட்டனர். இடையில், 1979இல், சர்வதேச திமிங்கில வேட்டை ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைச் சரணாலயமாக அறிவித்தது.

கொல்லக் கூடாதென்று தடுத்தாயிற்று. உயிரோடு இருப்பதை எப்படி ஆராய்வது? அதுவரை அறியப்பட்டவற்றுட் பெரும்பகுதி வெட்டிய உடல்களிலிருந்து கிடைத்தவை. இந்த வினாவோடுதான் உலக வனசீவராசிகள் நிதியத்தின் நெதர்லாந்துக் கிளையின் உதவியில் 'டியூலிப்' என்னும் பத்து மீற்றர் நீளப் பாய்க்கப்பல் இலங்கைக்கு வந்தது. ஹல் வைட்ஹெட், ஜொனதன் கோர்டன் முதலிய இளம் ஆய்வாளர்கள் அதில் இருந்தனர். 1982 முதல் 1984 வரையில் அவர்கள் இக்கடலில் செய்த வேலை எளிமையானது. நீரடி ஒலிவாங்கியை இறக்கி, தட்டல் ஓசை வரும் திசையறிந்து, இரவும் பகலும் திமிங்கிலக் கூட்டத்தின் பின்னே செல்வர். வால்துடுப்பின் வடுக்களைப் படமெடுத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் காண்பர்.

இருளில் ஒரு கிலோமீற்றர் ஆழத்தில் கணவாய் தேடுகையில் திமிங்கிலம் எழுப்பும் ஒலி, சீரான தட்டல். எதிரொலியால் இரையை அறிவது அதன் நோக்கம். மேலே வந்து பெண்களும் குட்டிகளும் உடலோடு உடல் உரசிக் கிடக்கும்போது எழுவது வேறு. மூன்று, ஐந்து, ஏழு எனக் குறித்த தாளத்தில் விழும் தட்டல்கள். இவற்றை 1977இல் வொட்கின்ஸ், ஷெவில் என்னும் அமெரிக்கர் இருவர் முதலில் விவரித்து, 'கோடா' எனப் பெயரிட்டனர். ஒன்று தட்ட மற்றொன்று பதில் தட்டும். தாய் ஆழத்துக்குச் சென்றால் குட்டியை மேலே மற்றப் பெண்கள் பார்த்துக்கொள்ளும். எதிரி வந்தால் குட்டியை நடுவில் வைத்துப் பூவிதழ்போல் வளைத்து நிற்கும்.

ஆண்களின் கதை வேறு. வளர்ந்த ஆண் துருவக் கடல்களில் தனித்துத் திரிந்து, இணை தேடி மட்டும் வெப்பக் கடலுக்கு வருகிறது. அதன் தலையில் காணப்படும் பல் தழும்புகள் ஆணோடு ஆண் மோதியதற்குச் சான்று. ஆயினும் அம்மோதலைக் கண்ணாற் கண்டவர் மிகச் சிலரே. கோர்டன் இலங்கையில் செய்த அளவீடு இங்கு கவனத்துக்குரியது. ஒவ்வொரு தட்டலும் தலைக்குள் எதிரொலித்துப் பல துடிப்புகளாக வெளிவருகிறது. துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் தலையின் நீளத்துக்கேற்ப மாறும். படகிலிருந்து படமெடுத்து அளந்த நீளத்தோடு இவ்வொலியை ஒப்பிட்டு, ஓசையைக் கொண்டே உடலின் நீளத்தைக் கணிக்கலாம் எனக் காட்டினார் அவர். மனிதனுக்குக் கேட்பது இன்னொரு ஆணுக்குக் கேளாதிருக்குமா? பெரியவன் வருகிறான் என்பதைக் காதால் அறிந்து சிறியவன் விலகிவிடுவதாலேயே சண்டை அரிதாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

1983ஆம் ஆண்டின் முற்பகுதியில் இக்கப்பலைப் பற்றி ஒரு கட்டுரை எழுத எண்ணிக் குறிப்புகள் சேர்த்திருந்தேன். ஜூலை வந்தது. அதன்பின் எங்கள் பத்திரிகையில் திமிங்கிலத்துக்கு இடமிருக்கவில்லை; எனக்கும் அந்த நினைவு இருக்கவில்லை. டியூலிப்பின் பணி அடுத்த ஆண்டோடு முடிவுற்றது. திருகோணமலையின் வட கரையோர மக்கள் 1980களின் நடுப்பகுதியிலும் 1990இலும் ஊர்விட்டு ஓடினர். கடலில் இறங்கப் பாஸ், திரும்பி வரக் கெடு, இயந்திரத்துக்குத் தடை என்று கடற்றொழில் முடங்கிற்று. வைட்ஹெட் 1985இல் பசுபிக்கின் கலாபகஸ் தீவுகளுக்குச் சென்றார்.

அங்கு அவர் கண்டதைப் படித்தபோதுதான் பழைய குறிப்பேட்டைத் தேடினேன். வைட்ஹெட்டும் லூக் ரெண்டலும் 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, பசுபிக்கின் பெண் திமிங்கிலங்கள் கோடாவின் வழக்கால் பிரிந்த பெருங்குலங்களாக வாழ்கின்றன. ஒரே கடலில் இரு குலங்கள் இருந்தாலும் தன் வழக்குப் பேசுவனவற்றோடு மட்டுமே ஒரு குடும்பம் சேர்ந்து திரியும். மற்றதைக் கேட்டால் விலகிப் போகும். வழக்கு என்பது பிறப்பிலே வருவதன்று. குட்டி தாயிடமும் உறவினரிடமும் கற்பது.

உச்சரிப்பைக் கேட்டு ஆளைப் பிரிக்கும் வித்தை எங்களுக்கும் புதிதன்று. 'வாளி' என்பதற்கான சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லி, வாயிலிருந்து வரும் முதல் எழுத்தைக் கொண்டு தமிழனைக் கண்டுபிடித்த கும்பல்களை இந்நாடு அறியும். அங்கே விலகிப் போக வழி விடப்படவில்லை.

போர் நிறுத்தக் காலத்தில், 2003இல், ரோஜர் பெய்னின் 'ஒடிசி' ஆய்வுக்கப்பல் இலங்கைக் கடலுக்கு வந்தது. அதில் பயிற்சி பெற்ற ஆஷா டி வோஸ் பின்னர் தென்கடலின் நீலத் திமிங்கிலங்களை உலகறியச் செய்தார். கிழக்கிலோ, 2009க்குப் பின்னர் முதலில் வந்தவை உல்லாசப் பயணிகளின் படகுகள். கரீபியன் தீவான டொமினிக்காவில் 8,719 கோடாக்களைச் சேர்த்துக் கணினியால் ஆராய்ந்தவர்கள், அவற்றுள் தாளமும் வேகமும் அலங்காரமும் இணைந்த ஓர் ஒலியடுக்கு இருப்பதாக 2024இல் எழுதினர். அந்த அளவுக்கான ஒலித்திரட்டு திருகோணமலைக்கும் இருந்திருக்கக் கூடும்.

இறக்கக்கண்டிப் பெரியவர் இப்போது இல்லை. அவருடைய பேரனை அண்மையில் சந்தித்தபோது அந்தத் தட்டல் ஓசையைப் பற்றி விசாரித்தேன். அவனுடையது கண்ணாடியிழைப் படகு, வெளியிணைப்பு இயந்திரம். "நாங்க ராவில எஞ்சினை நிப்பாட்டுறது குறைவு ஐயா" என்றான்.