சுக்கானின் உணர்வும் உடலின் நெகிழ்வும்: 'ஹொட் ஹட்ச்' கார்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

இயந்திரங்களின் வரலாறு பெரும்பாலும் வலுவினதும் வேகத்தினதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எத்தனை பரிவலு, எத்தனை கிலோமீற்றர் வேகம் என்னும் வினாக்களுக்கு எண்களால் விடை கூறிவிடலாம். ஆயின், இயந்திரத்துக்கும் அதனை இயக்குபவனுக்கும் இடையே நிகழும் உணர்வுப் பரிமாற்றம் எண்களுள் எளிதில் அடங்குவதன்று. 1970களிலும் 1980களிலும் ஐரோப்பாவில் 'ஹொட் ஹட்ச்' எனப் பெயர் பெற்ற, பின்புறம் மேல்நோக்கித் திறக்கும் கதவுடைய வேகச் சிறுகார்கள் இதற்குத் தக்க சான்றாகும். அவற்றின் ஸ்ரியரிங், அதாவது சுக்கான், தரும் உணர்வு இன்றும் போற்றப்படுகின்றது. அவ்வுணர்வு எவ்வாறு தோன்றியது, எவ்வாறு குன்றியது என்பன ஆராயத்தக்கவை.

சுக்கானின் உணர்வு என்பது வெறும் கற்பனையன்று. கார் வளைவில் திரும்பும்பொழுது முன்சில்லின் ரயர் வீதியைத் தொடும் இடத்தில் முறுகுகின்றது. அங்கு எழும் பக்கவிசை சில்லின் மையத்துக்குச் சற்றுப் பின்னால் தாக்குவதால், சில்லு தன்னை நேராக்கிக்கொள்ள முயல்கின்றது. அம்முயற்சியே சுக்கானின் பாரமாகக் கையை வந்தடைகின்றது. பிடிப்பு அதன் எல்லையை அணுகுகையில் விசை தாக்கும் புள்ளி முன்னோக்கி நகர்கின்றது. பக்கவிசை இன்னும் உயர்ந்துகொண்டிருக்கும்போதே கையிலுள்ள பாரம் குறையத் தொடங்குகின்றது. சறுக்கல் நேருமுன்னரே கைக்குக் கிடைக்கும் எச்சரிக்கை இது.

இவ்வெச்சரிக்கை கையை அடைய இடைவழி எளிதாயிருத்தல் வேண்டும். பல்வெட்டிய சட்டமொன்றைச் சிறு பற்சில்லு பக்கவாட்டில் நகர்த்தும் 'றாக்–பினியன்' முறை அவ்வழியை அமைத்தது. இலங்கை வீதிகளில் நன்கறியப்பட்ட மொறிஸ் மைனர் (1948) இம்முறையைக் கொண்டிருந்தது. அதனை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் 1959இல் உருவாக்கிய மினியிலும் இதுவே இடம்பெற்றது. குறுக்காக வைத்த எஞ்சின், முன்சில்லு இயக்கம், பத்தங்குலச் சில்லுகள் ஆகியவற்றோடு வந்த மினி, 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்ரி கார்லோ ஓட்டப்போட்டியில் வென்றது. மினி ஹட்ச்பக் வகையைச் சேர்ந்ததன்று. எனினும் சிறிய, பாரங்குறைந்த கார் பெரிய கார்களை வெல்லக்கூடும் என்பதை அது நிறுவியது.

இவ்வழியில் வந்ததே வொல்க்ஸ்வாகன் நிறுவனத்தின் கோல்ஃப் (1974). அதன் ஜி.ரி.ஐ. வகை 1975இல் பிராங்பேட் கண்காட்சியில் வைக்கப்பெற்று 1976இல் விற்பனைக்கு வந்தது. 110 பரிவலுவும் ஏறத்தாழ 810 கிலோகிராம் நிறையும் கொண்ட இக்கார் முதலில் 5,000 மட்டுமே செய்யத் திட்டமிடப்பட்டது. ஆயினும் முதல் தலைமுறையில் மாத்திரம் 460,000க்கு மேற்பட்டவை உற்பத்தியாகின. 1984இல் பிரான்சின் பீஜோ நிறுவனம் 105 பரிவலுவுடைய 205 ஜி.ரி.ஐ. காரை வெளியிட்டது. தொடக்கத்தில் இவ்விரண்டிலும் சுக்கானைத் திருப்பியது ஓட்டுநரின் கைவலு மட்டுமே. பாரம் குறைவு, ரயர் ஒடுக்கம் ஆதலின் துணைவலு தேவைப்படவில்லை.

இனி, நெகிழ்வைப் பற்றி நோக்குவோம். பின்புறத்தில் பெரிய கதவுக்காக வெட்டப்பட்ட உடல், மூடி கழன்ற பெட்டியைப்போல எளிதில் முறுகும். அவ்வாறு முறுகும் உடல் தானும் ஒரு சுருள்வில்லாகின்றது. ஆனால், அதன் அசைவை அடக்குவதற்குத் தனியான அதிர்வடக்கி எதுவும் இல்லை. இரைச்சலைத் தணிக்க இணைப்புகளில் வைக்கப்படும் றப்பர்களும் கைக்கு வரும் செய்தியைச் சற்றே தாமதப்படுத்துகின்றன. எனினும் நெகிழ்வு முழுவதும் குறையன்று. கோல்ஃபின் பின்சில்லுகளைப் பிணைத்த குறுக்குவிட்டம் வளைவை எதிர்த்து, முறுக்கத்துக்கு மட்டும் இடங்கொடுக்குமாறு வேண்டுமென்றே அமைக்கப்பட்டது. அந்நெகிழ்வினாலேயே மலிவான ஓர் அமைப்பு இரு சில்லுகளுக்கும் ஓரளவு சுதந்திரமான அசைவை அளித்தது.

இவ்வுணர்வு இன்பத்துக்கு மட்டும் உரியதன்று என்பதும் மனங்கொள்ளத்தக்கது. 205 ஜி.ரி.ஐ. காரில், வளைவின் நடுவே வேகமிதியிலிருந்து காலை எடுத்தால் பாரம் முன்னுக்குச் சாய, பின்புறம் வெளியே வீசப்படும். அத்தகைய காரில் கை பெறும் செய்தி உயிரோடு தொடர்புடையது. செய்தியைப் படிக்கத் தெரியாதவர்க்கு அதே கார் ஆபத்தாகவும் அமைந்தது.

காலப்போக்கில் நிலைமை மாறியது. மோதற் பாதுகாப்பும் வசதியும் நிறையைக் கூட்டின. அகன்ற ரயர்கள் வந்தன. இவற்றால் துணைவலு இன்றியமையாததாயிற்று. 2003இல் வந்த ஐந்தாந் தலைமுறைக் கோல்ஃபில் மின்மோட்டாரே சுக்கானுக்குத் துணை நின்றது, அதன் ஜி.ரி.ஐ. ஏறத்தாழ 1,300 கிலோகிராம் நிறையுடையது. உடல் முன்னெப்போதையும்விட விறைப்பாயிற்று. ஆயின் கை கேட்டது குறைந்தது. மோட்டாரின் உராய்வும் சடத்துவமும் நுண்ணிய அதிர்வுகளை மறைக்க, எஞ்சியவற்றுள் எது கையை அடைய வேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டு நிரல் தீர்மானித்தது.

இம்மாற்றத்தை வீழ்ச்சி என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. விறைப்பான உடல் உயிர்களைக் காத்தது. துணைவலுச் சுக்கான் உடல்வலு குறைந்தோருக்கும் கார் ஓட்டுதலை எளிதாக்கியது. எனினும், பழைய கார்களின் உணர்வு பெரும்பாலும் எவரும் தனியே திட்டமிட்டுத் தந்த கொடையன்று. குறைந்த நிறை, குறைந்த விலை, எளிய அமைப்பு ஆகியவற்றின் உடன்விளைவே அது. ஆதலாற்றான் அக்காரணங்கள் நீங்கியபோது அதுவும் நீங்கிற்று. பரிவலுவையும் விறைப்பையும் அளந்தவர்கள் கையின் அறிவை அளக்கவில்லை. அளக்கப்படாதது கணக்கில் வரவில்லை. கணக்கில் வராததன் இழப்பு நெடுங்காலம் உணரப்படவுமில்லை. தொழினுட்ப வரலாற்றை எழுதுவோர், பெற்றவற்றின் பட்டியலோடு இத்தகைய இழப்புகளையும் பதிவுசெய்தல் கடனாகும்.