இடித்த வீட்டு ஆச்சா

எங்கள் தாத்தா வீட்டை இடித்தபோது ஓடும் செங்கல்லும் கேட்டு வந்தவர்கள் பலர். நரசிங்கம்பேட்டையிலிருந்து வந்த ஆச்சாரி மட்டும் கூடத்து உத்தரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். "ஆச்சாதான். நல்லா காஞ்சிருக்கு" என்றார். அப்பா விலை பேசவில்லை. நாதஸ்வரக்காரர் அவர், அந்த மரம் எங்கே போகிறது என்று தெரியும்.

ஆடுதுறைக்குப் பக்கத்திலுள்ள அந்த ஊரில் நாதஸ்வரம் கடைகிறவர்கள் பச்சை மரத்தைத் தொடுவதில்லை. பழைய வீட்டுத் தூணும் உத்தரமும்தான் தேடுவார்கள். ஈரம் வற்றாத மரத்தைக் குடைந்தால் பின்னால் சுருங்கும், வெடிக்கும். துளை மயிரிழை நகர்ந்தாலும் சுருதி நிற்காது. குழல் பகுதியான உலவுக்கு ஆச்சா, அடியில் விரியும் அணசுக்கு வாகை.

முன்பு இருந்தது திமிரி. குட்டைக் குழல், நாலு ஐந்து கட்டைச் சுருதி. சுவாமி புறப்பாடு வருவது அடுத்த வீதிக்கும் தெரியவேண்டுமே! நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி குழலை நீட்டி, இரண்டு இரண்டரைக் கட்டைக்கு இறக்கி, சுத்த மத்யமம் பிசகாமல் பேசும் பாரியைக் கடைந்து கொடுத்தார். பிள்ளை 1956இல் மறைந்துவிட்டார். பாரி நிலைத்தது. 2022இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

எனக்கு ஒரு குறை உண்டு. குழலைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாயில் வைத்து ஊதும் சீவாளியை மறந்துவிடுகிறார்கள். குழலுக்கு உயிர் கொடுப்பது ஆற்றங்கரையில் வளரும் ஒரு புல். அந்தக் கொறுக்காந்தட்டையை அறுத்து, காயவைத்து, நெல்லோடு சேர்த்து அவித்து, மறுபடி காயவைத்துப் பதமாக்க வேண்டும். அப்புறம்தான் நறுக்கி, வாய்ப்பக்கத்தைத் தட்டையாக்கி, அடியை நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். அதைக் குழலின் மேல்முனையிலுள்ள கெண்டையில் செருகி ஊதும்போதுதான் எது பேசும், எது பேசாது என்பது தெரியும். மழைநாளில் நன்றாகப் பேசியது வெயிலில் மக்கர் பண்ணும். அப்பா குழலிலேயே ஒரு கொத்துச் சீவாளியைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார். பார்க்கிறவர்கள் அதை அலங்காரம் என்று நினைப்பார்கள்.

எங்கள் உத்தரம் பாரியாகித் திரும்பி வந்த அன்று அவர் நாலு சீவாளியை ஊதிப் பார்த்து ஒதுக்கினார். ஐந்தாவதை வாயில் வைத்து ஈரமாக்கி, செருகி, தோடியை எடுத்தார். சுத்த மத்யமத்தில் வெகுநேரம் நின்றார். அடுப்படியிலிருந்த பாட்டி கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.