வைரத்துக்குள் லேசர்... குவாண்டம் சென்சார் ஸ்டார்ட்அப்பில் போட்டோனிக்ஸ் ஆராய்ச்சியாளருக்கு என்ன வேலை?

குவாண்டம் என்றாலே பலருக்கும் கம்ப்யூட்டர்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் குவாண்டம் சென்சார் எப்பவோ நம்ம வாழ்க்கைக்குள் வந்தாச்சு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் ஓடும் அணுக் கடிகாரமும் அந்தக் குடும்பம்தான். இப்போது அடுத்த தலைமுறை சென்சார்களைத் தயாரிக்க ஸ்டார்ட்அப்கள் களமிறங்கியிருக்கின்றன. அங்கே போட்டோனிக்ஸ் படித்தவர்களுக்குத் தனி இடம் உண்டு. அப்படி என்னதான் வேலை?

வைரம் எப்படி சென்சார் ஆகிறது?

போட்டோனிக்ஸ் என்பது ஒளியை உருவாக்கி, வழிநடத்தி, அளக்கும் துறை. வைரத்தை வைத்துக் காந்தப்புலத்தை அளக்கும் சென்சாரையே எடுத்துக்கொள்வோம். வைரத்தில் கார்பன் அணு இருக்க வேண்டிய ஓரிடத்தில் நைட்ரஜன் அணு, அதை ஒட்டி ஒரு காலியிடம். இந்த ஜோடிக்குப் பெயர் என்.வி. மையம்.

இதன் மீது 532 நானோமீட்டர் பச்சை லேசரை அடித்தால் சிவப்பாக ஒளிரும். கூடவே 2.87 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் கொடுத்தால் அந்தச் சிவப்பு லேசாக மங்கும். காந்தப்புலம் வந்தால், மங்கும் அந்த ஒரு புள்ளி இரண்டாகப் பிரிந்து எதிரெதிர் திசையில் நகரும். ஒரு மைக்ரோடெஸ்லாவுக்கு 28 கிலோஹெர்ட்ஸ் நகர்வு. அதை அளந்தால் காந்தப்புலம் கையில். இதெல்லாம் சாதாரண அறை வெப்பநிலையிலேயே நடக்கும் என்பதுதான் ஸ்டார்ட்அப்களை இழுக்கும் விஷயம்.

ஜொலிப்புதான் வில்லன்!

நகைக்கடையில் வைரம் ஜொலிக்கக் காரணம், உள்ளே போன ஒளி சுலபத்தில் வெளியே வராமல் திரும்பத் திரும்பப் பிரதிபலிப்பது. ஆராய்ச்சியாளருக்கு அதுவே தலைவலி. தட்டையான ஒரு முகம் வழியாக சிவப்பு ஒளியில் சுமார் 4 சதவீதம்தான் வெளியே வரும். மீதி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஓரங்களைப் பாலிஷ் செய்வது, மேலே லென்ஸ் ஒட்டுவது, பக்கவாட்டில் ஒளியைப் பிடிப்பது என மாதக்கணக்கில் இதிலேயே நேரம் போகும்.

அடுத்த பிரச்னை லேசர். அதன் பிரகாசம் கொஞ்சம் ஆடினாலும் சிவப்பும் ஆடும். அது காந்தப்புலமா, லேசரா என்று குழப்பம் வரும். அதனால் லேசரில் ஒரு பங்கைத் தனியாகப் பிரித்து, அளந்து, கழித்துவிடுவார்கள்.

ஏசியும் சும்மா விடாது. வைரத்தின் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் சிக்னல் சுமார் 74 கிலோஹெர்ட்ஸ் நகரும். ஒரு புள்ளியை மட்டும் பார்த்தால் இது இரண்டரை மைக்ரோடெஸ்லாவுக்கும் அதிகமான பிழை. நல்லவேளை, வெப்பம் இரண்டு புள்ளிகளையும் ஒரே பக்கம் தள்ளும். காந்தப்புலம்தான் எதிரெதிரே தள்ளும். இரண்டையும் சேர்த்து அளந்தால் தப்பிக்கலாம்.

இவ்வளவு மெனக்கெடல் எதுக்கு? நம்ம ஊரில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. இதயத் துடிப்பு நெஞ்சருகே உண்டாக்கும் காந்தப்புலமோ அதில் ஏறக்குறைய 10 லட்சத்தில் ஒரு பங்கு. அந்த அளவுக்குக் கூர்மையாக, விலை கட்டுப்படியாகும் கருவி கிடைத்தால் மருத்துவத்துக்கு உதவும். ஜிபிஎஸ்ஸை முடக்கும் இடங்களில் காந்தப்புல வரைபடத்தை வைத்து விமானங்கள் வழி கண்டுபிடிக்கவும் முடியும்.

ஆய்வகத்துக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் என்ன வித்தியாசம்?

ஆய்வகத்தில் பெரிய மேஜை நிறைய கண்ணாடிகளை அடுக்கி, ஒரு முறை நல்ல ரீடிங் வந்தாலே கட்டுரை எழுதலாம். ஸ்டார்ட்அப்பில் அது செல்லாது. மொத்தமும் சின்னப் பெட்டிக்குள் அடங்கணும், வண்டியில் குலுங்கினாலும் லேசர் இடம் மாறக் கூடாது, பத்தாவது பெட்டியும் முதல் பெட்டி மாதிரியே அளக்கணும். ஆக, இயற்பியலோடு பசை, திருகு, சர்க்யூட் போர்டு, கோடிங் எல்லாம் பழகித்தான் ஆகணும்.

இந்தியாவில் வாய்ப்பு எங்கே?

6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் மிஷனுக்கு மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ஒப்புதல் தந்தது. இதில் சென்சார் ஆராய்ச்சிக்கான மையம் ஐஐடி பாம்பேயில் உள்ளது. 2024-ல் மிஷன் தேர்வு செய்த 8 ஸ்டார்ட்அப்களில், ஒளி அணுக் கடிகாரத்தில் இறங்கிய குப்ரயோக், துல்லிய லேசர் செய்யும் ப்ரெனிஷ்க், சென்சாருக்கான வைரத்தில் வேலை செய்யும் பிரிஸ்டைன் டைமண்ட்ஸ் ஆகியவையும் உண்டு.

எம்.எஸ்சி. இயற்பியல், எம்.டெக். போட்டோனிக்ஸ் முடித்தவர்களுக்கு வழி இருக்கிறது. ஆராய்ச்சிப் பொறுப்பு என்றால் பெரும்பாலும் பிஎச்.டி. எதிர்பார்ப்பார்கள். சேரும் முன் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: காப்புரிமை போட்ட பிறகாவது ஆய்வுக் கட்டுரை வெளியிட விடுவார்களா? நாளைக்கே முதலீடு நின்றுபோய் கல்லூரிப் பக்கம் திரும்ப நினைத்தால், அங்கே முதலில் கேட்பது உங்கள் கட்டுரைப் பட்டியலைத்தான்.