வில்லன் என்றால் பண்ணையாள்



"என்ன ஒரு வில்லத்தனம்!" என்று இந்தக் காலப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்வதைக் கேட்டிருப்பீர்கள். இந்த வில்லன் முதலில் யார் தெரியுமா? நிலத்தில் பாடுபட்டவன்!

லத்தீனில் 'வில்லா' என்றால் நிலபுலத்தோடு கூடிய பண்ணை வீடு. அங்கே வேலை செய்தவன் 'வில்லானுஸ்'. பழைய பிரெஞ்சு வழியாக இச்சொல் இங்கிலாந்துக்குப் போனது. பிரபுக்களின் நிலத்தோடு கட்டுண்டு கிடந்த குடியானவனை மேட்டுக்குடியினர் பண்பற்றவனாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வை சொல்லிலும் ஏறியது. பண்ணையாள் அயோக்கியன் ஆனான். பிறகு நாடகத்தில் கெட்டவன் ஆனான். நம் சினிமாவுக்கும் வந்து சேர்ந்தான்.

நம் தமிழிலும் இப்படி நடந்திருக்கிறது. மக்கள் சேர்ந்து வாழும் இடம் சேரி. குடவோலை முறை பற்றி வகுப்பில் படித்தீர்களே, அந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை (919, 921). அவற்றில் 30 குடும்புகளோடு 12 சேரிகளும் வருகின்றன. அந்த ஊரோ அந்தணர்களின் சதுர்வேதிமங்கலம்! தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கம்மாளர் வாழ்ந்த கம்மாணச்சேரியும் உண்டு, பறைச்சேரியும் உண்டு. இன்றும் புதுச்சேரி, வேளச்சேரி என்று முகவரி எழுத யாரும் கூசுவதில்லை. 'சேரி' என்று தனியாகச் சொன்னால் மட்டும் அது வசையாகிவிடுகிறது.

'நாற்றம்' என்பதும் அப்படித்தான். 1274-ஆம் குறளில் அது அரும்புக்குள் அடங்கியிருக்கும் நறுமணம். இன்று அதன் பொருளே வேறு. ஆம்பூர், பேர்ணாம்பட்டு டேனரிகளில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளைச் சக மாணவர்கள் 'நாத்தம்' என்று கூப்பிட்டதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் கடைசி வரிசைக்கு நகர்ந்து உட்காருவார்கள். கூப்பிட்டவர்கள் காலில் கிடந்ததும் யாரோ ஒரு தொழிலாளி பதப்படுத்திய தோல்தான்.

பேரப்பிள்ளைகள் 'செம', 'கெத்து', 'மாஸ்' என்று பேசினால் தமிழ் அழிந்துவிடும் என்று பதறாதீர்கள். சொற்கள் எப்போதும் மாறிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் ஒருவருடைய தொழிலையோ குடியிருப்பையோ வசையாக்கிப் பேசினால், அந்த இடத்திலேயே நிறுத்தி, அந்தச் சொல்லின் பழைய பொருளைச் சொல்லிக்கொடுங்கள். அதற்கு ஆசிரியராக இருக்க வேண்டிய அவசியமில்லை.

உங்கள் ஊரில் இப்படிப் பொருள் மாறிய சொற்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.