சாப்பிட்டீர்களா என்று கேட்காத காலம்



சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்துக்கொண்ட எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது புத்திமதியன்று, அடையும் தண்ணீருமே (1 இராஜாக்கள் 19). அப்பகுதியை இவ்வாரம் வாசிக்கையில் பெலாக்ரா என்னும் வியாதியின் சரித்திரம் என் நினைவுக்கு வந்தது.

வெயில் படும் இடங்களில் தோல் சிவந்து, பின் கறுத்து உரியும். கழுத்தைச் சுற்றி மாலை அணிந்ததுபோல் ஒரு பட்டை தோன்றும். பிறகு மனச்சோர்வும் குழப்பமும் கண்டு புத்தி பேதலிக்கும். ஸ்பெயின் தேசத்து வைத்தியர் காஸ்பர் காசல் 1735-இலேயே இதை விவரித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இவ்வியாதியஸ்தர் பலர் மனநோய் மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டார்கள். தொற்றுநோய் என்று அஞ்சி ஜனங்கள் விலகினார்கள். அப்படிப்பட்ட ஒருவரை நம் ஜெபக்கூட்டத்திற்கு அழைத்து வந்திருந்தால், நீங்களும் நானும் அவரிடம் முதலில் எதைக் கேட்டிருப்போம்?

1914-இல் அரசு அனுப்பிய யூத மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் ஒன்றைக் கவனித்தார். மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கே இது வந்தது. அவர்களைத் தொட்டுப் பராமரித்த ஊழியருக்கு வரவில்லை.

மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் மெதடிஸ்டு, பாப்திஸ்து சபையாரின் அநாதை இல்லங்கள் இருந்தன. (நம்மைப்போல் ஜெபித்து உண்டவர்கள்தாம், இதை வாசித்தபோது எனக்குக் கூசிற்று.) சிறு குழந்தைகளுக்குப் பால் கிடைத்தது. வேலை செய்யும் பெரிய பிள்ளைகளுக்கு இறைச்சி கிடைத்தது. 6 முதல் 12 வயதுவரை உள்ளவர்களுக்கோ இவ்விரண்டும் அரிது. பெரும்பாலும் மக்காச்சோள உணவே. வியாதி கண்டதும் பெரும்பாலும் அவர்களுக்கே. எல்லாருக்கும் பாலும் முட்டையும் இறைச்சியும் கொடுக்கும்படி கோல்ட்பெர்கர் செய்தார். இல்லங்களிலிருந்து வியாதி நீங்கிற்று.

ஆயினும் பலர் நம்பவில்லை. தங்கள் நாட்டில் வறுமை என்று ஒப்புக்கொள்வது அவர்களுக்கு அவமானமாயிருந்தது. ஆகையால் 1916-இல் அவரும் உடன் ஊழியரும் நோயாளிகளின் இரத்தத்தைத் தங்கள் உடலில் ஏற்றிக்கொண்டார்கள். அவர்களுடைய தோலின் செதில்களையும் கழிவையும் விழுங்கினார்கள். அவருடைய மனைவி மேரியும் அந்த இரத்தத்தை ஊசியால் ஏற்றுக்கொண்டார். ஒருவருக்கும் வியாதி வரவில்லை.

1929-இல் கோல்ட்பெர்கர் மரித்தார். குறைவுபட்டிருந்தது நியாசின் என்னும் உயிர்ச்சத்து என்பதை 1937-இல் கான்ராட் எல்வெஹ்ஜெமின் ஆய்வு காட்டியது. அதைப் பெற்ற நோயாளிகள் பலருக்குச் சில நாட்களிலேயே மனம் தெளிந்தது. தோலின் கருமை ஆறத்தான் அதைவிட அதிக நாட்கள் ஆயின.