ஜிட்டின் வேகமும் கொள்கலனின் ஆயுளும்: கேரள எல்லைத் தமிழ்ப் பள்ளிகளை முன்வைத்து

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி. இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்கள். கேரளத்துக்குள் தமிழ் பேசுவோர் செறிந்து வாழும் இப்பகுதிகளின் தமிழ்வழிப் பள்ளிகளுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. ஐடி அட் ஸ்கூல் என்று 2001இல் தொடங்கி 2017இல் கைட் நிறுவனமாக மாறிய அமைப்பின் வழியே லினக்ஸும் கட்டற்ற மென்பொருளும் கேரளப் பள்ளிகளின் அன்றாடமாகிவிட்டன. பைத்தான் பாடத்தில் இருக்கிறது. 2024இல் ஏழாம் வகுப்பு ஐசிடி நூலில் செயற்கை நுண்ணறிவு சேர்ந்தபோது அந்த நூல் தமிழிலும் வந்தது. தமிழைக் கையாளும் பைத்தான் நிரல்களை இந்த ஆய்வகங்களில் எப்படி ஓட்டுவது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

நிரல்கள் ஏற்கெனவே உள்ளன. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரலாக்க மொழியும், அவரும் பிறரும் வளர்த்த ஓப்பன்-தமிழ் நூலகமும் பைத்தானிலேயே எழுதப்பட்டவை. வேகம் போதவில்லை என்றால் வழக்கமான சிபைத்தானை விடுத்துப் பைபை என்ற மாற்று வரிமொழிமாற்றியை எடு, அதை டாக்கர் கொள்கலனில் வைத்து எல்லாக் கணினிகளிலும் இறக்கிவிடு என்பது எளிதில் தோன்றும் யோசனை. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நல்லவை. சேர்த்துப் பார்த்தால் ஒன்றின் பலனை மற்றொன்று தின்றுவிடுகிறது என்பது என் வாதம்.

டாக்கர் 2013இல் வெளிவந்தது. அதன் அடியில் இருக்கும் பெயர்வெளிகளும் சி-குழுக்களும் அதற்கு முன்பே லினக்ஸ் கருவில் இருந்தவை. கொள்கலன் என்பது தனி இயங்குதளம் அன்று. வேலி போட்ட ஒரு செயல்முறை, அவ்வளவுதான். நொடியில் எழுப்பலாம், நொடியில் கொல்லலாம், சேமித்து வைத்த அச்சுப்படியான பிம்பத்திலிருந்து மீண்டும் எழுப்பலாம். தூக்கி எறியத்தக்கது என்பதே அதன் பெருமை.

நிரல் ஓடும்போதே அதை இயந்திரக் குறிமுறையாக்கும் பைபையின் ஜிட் நிரல்பெயர்ப்பியோ நீண்ட ஆயுளை நம்பி வாழ்வது. இயல்பான அமைப்பில் ஒரு சுற்று ஏறத்தாழ ஆயிரம் முறை (சரியாகச் சொன்னால் 1039) ஓடிய பிறகுதான் அதன் தடத்தைப் பதிவுசெய்து இயந்திரக் குறிமுறையாக மாற்றுகிறது. அதுவரை அது சிபைத்தானைவிட மெதுவாகவே ஓடக்கூடும். மாற்றிய குறிமுறை நினைவகத்தில் மட்டுமே இருக்கும். வட்டில் சேமித்து அடுத்த முறை எடுத்துக்கொள்ள வழியில்லை. கொள்கலன் செத்தால் கற்றதெல்லாம் போயிற்று. மாணவர் ஒருவர் நாற்பது வரி நிரலை ஓட்டிப் பார்த்து மூடுகிறார். அடுத்தவர் வந்து புதிதாக எழுப்புகிறார். மூணாறு மலைப்பகுதியில் மழைக்கால மின்தடையும் சேர்ந்துகொண்டால், பள்ளி நேரத்தில் பைபை சூடேறவே போவதில்லை. நினைவகச் செலவு மட்டும் மிஞ்சும். இதற்கிடையில் சிபைத்தானும் சும்மா இருக்கவில்லை: 2022இல் வந்த 3.11 பதிப்பு முந்தையதைவிடச் சராசரியாகக் கால்பங்கு வேகம் கூடியது.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. வேக ஒப்பீட்டு அட்டவணைகளில் இது தெரிவதில்லை. சிபைத்தான் 3.3 முதல், தமிழ் மட்டும் உள்ள சரத்தில் ஒரு யுனிகோடு குறிக்கு இரண்டு பைட்டுதான் செலவாகிறது. பைபையோ 2019இன் 7.1 பதிப்பிலிருந்து சரங்களை உள்ளுக்குள் யுடிஎஃப்-8 ஆகவே வைக்கிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் அங்கே மூன்று பைட். (சரத்தில் ஒரே ஓர் இமோஜி நுழைந்தால் சிபைத்தானில் எல்லாக் குறிகளும் நான்கு பைட்டாகிவிடும் என்பது வேறு வேடிக்கை.) இடத்தைவிட முக்கியமானது அணுகும் முறை. ‘கொ’ என்ற ஓர் எழுத்து யுனிகோடில் இரண்டு குறிகள். ஆகவே எழுத்தெண்ணும் எந்தத் தமிழ் நிரலும் சரத்தைக் குறி குறியாக நடந்தாக வேண்டும். முன்னிருந்து வரிசையாக நடந்தால் பைபைக்குச் சிரமமில்லை. ஆனால் ‘ஐந்நூறாவது குறியைக் கொடு’ என்று எண்ணைச் சொல்லிக் கேட்டால், பைட்டுகளில் அது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். அதற்கென ஒரு துணை அட்டவணையைக் கட்டிக்கொள்கிறது. ஆங்கிலச் சரத்தில் இந்த வேலையே இல்லை. ஆங்கில உரையில் அளந்த வேகத்தை நம்பித் தமிழ் நிரலை மாற்றுவது சரியன்று.

எழில் இன்னும் கடினமான கதை. அது பைத்தானுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் வரிமொழிமாற்றி. மாணவர் எழிலில் எழுதும் சுற்று பைபையின் கண்ணுக்குத் தெரியாது. தொடரியல் மரத்தில் ஏறி இறங்கும் எழிலின் மதிப்பிடும் சுற்றுதான் தெரியும். அதில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு வகைக் கணு வருவதால் தடம் கிளைத்துக்கொண்டே போகும். பைபை உருவாக்குநர்களான போல்ஸ், கூனி, ஃபியல்கோவ்ஸ்கி, ரிகோ ஆகியோர் 2009இல் எழுதிய கட்டுரை இந்தச் சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டது. வரிமொழிமாற்றியை, பைபையே எழுதப்பட்ட ஆர்பைத்தான் என்ற பைத்தான் உட்பிரிவில் எழுதி, பயனர் நிரலின் சுற்று எங்கே தொடங்குகிறது என்று குறிப்பிட்டால் தடம் அந்தச் சுற்றைப் பின்பற்றும் என்று அவர்கள் காட்டினார்கள். எழிலுக்கு உண்மையான வேகம் வேண்டுமானால் வழி அதுதான். கொள்கலனை மாற்றுவதால் அது கிடைக்காது.

அப்படியானால் பைபையை விட்டுவிடுவதா? இல்லை, இடம் மாற்ற வேண்டும். மாணவர் கணினிகளில் சிபைத்தானே இருக்கட்டும். ஆய்வகத்தில் ஒரு கணினியைச் சேவையகமாக்கி, சொற்பிழை திருத்தம், சொல்லடைவு போன்ற கனத்த வேலைகளுக்கு ஒரே ஒரு பைபை கொள்கலனைக் காலையில் எழுப்பி மாலைவரை விட்டுவிடலாம். பணிச்செயல்முறைகள் ஒன்றிரண்டு போதும். ஒவ்வொன்றும் தனித்தனியே சூடேற வேண்டியிருப்பதால் எண்ணிக்கை கூடக்கூட நட்டமே. பாட வேளைக்கு முன் ஒரு மாதிரி உரையைச் செலுத்திச் சூடேற்றி வைக்கலாம். அடித்தளமாக டெபியன் பிம்பத்தை எடுப்பது நல்லது. ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் வழங்கலின் மஸ்ல் சி-நூலகத்துக்கு ஏற்ற பைபை, டாக்கரின் அதிகாரபூர்வப் பிம்பங்களில் இல்லை. சேவையகம் விழுந்தால் வகுப்பே நிற்குமே என்பார்கள். நிற்காது: அதே நிரல் மாணவர் கணினியிலும், மெதுவாகவேனும், ஓடும்.

இதைச் சோதிக்கத் தொலைவு போக வேண்டியதில்லை. 2015இல் கோழிப்பாறையின் அகல்யா வளாகத்தில் தொடங்கிய பாலக்காடு ஐஐடி, இன்று கஞ்சிக்கோட்டில் இருக்கிறது. மூணாறிலும் பைனாவிலும் பொறியியல் கல்லூரிகள் உண்டு. அங்கே அளப்பவர்கள் சூடேறிய பின் எட்டும் உச்ச வேகத்தை மட்டும் குறித்துக்கொள்ளாமல், கொள்கலன் எழுந்தது முதல் நாற்பது நிமிடப் பாட வேளை முடியும்வரை ஆன மொத்த நேரத்தை, தமிழ் உரையைக் கொண்டே அளக்க வேண்டும்.